முடிச்சுக்கு மூன்று வண்ணம்

ஒரு கயிற்றில் சாதாரணமாக ஒரு முடிச்சுப் போட்டு, இரு முனைகளையும் ஒட்டிவிட்டால் கிடைப்பது மூவிலை முடிச்சு. அறுக்காமல் அதை வெறும் வட்டமாக்க முடியாது. கையால் இழுத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் எத்தனை முறை தோற்றாலும் அது நிரூபணம் ஆகாது, அடுத்த முயற்சியில் அவிழ்ந்துவிடலாமே. இங்கேதான் மாறாப் பண்பு கைகொடுக்கிறது. கயிற்றை எப்படி வளைத்தாலும் மாறாத ஒன்று இரண்டு முடிச்சுகளில் வெவ்வேறாக இருந்தால், அவை வெவ்வேறு முடிச்சுகள். முயன்று பார்க்கவே வேண்டியதில்லை.

முடிச்சைத் தாளில் வரையுங்கள். கயிறு அடியில் போகும் இடங்களில் கோடு அறுபடும். மூவிலை முடிச்சில் இப்படி மூன்று துண்டுகள், மூன்று குறுக்குகள். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று வண்ணங்களில் ஒன்றைத் தீட்டலாம். ஒரு குறுக்கில் சந்திக்கும் மூன்று துண்டுகளும் ஒரே வண்ணமாகவோ, மூன்றும் வேறுவேறாகவோ இருக்கவேண்டும். மொத்தத்தில் இரண்டு வண்ணமாவது வரவேண்டும். மூவிலைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தீட்டிவிடலாம். வட்டத்துக்கு ஒரே கோடு, ஒரே வண்ணம். கயிற்றின் எந்த அசைவையும் படத்தில் மூவகைச் சிறு மாற்றங்களாகப் பிரிக்கலாம் என்று 1920-களில் ரைடமைஸ்டர் என்ற கணிதவியலாளர் காட்டியிருந்தார். அந்த மூன்றிலும் இந்த வண்ண விதி குலைவதில்லை. ஆகவே மூவிலை ஒருநாளும் வட்டமாகாது.

எட்டு வடிவ முடிச்சையும் இப்படித் தீட்ட முடியாது, அப்படியானால் அது வட்டமா என்று கேட்கலாம். இல்லை. மாறாப் பண்பு வேற்றுமைக்குத்தான் சாட்சி, ஒற்றுமைக்கு அல்ல. எட்டைப் பிரித்துக்காட்ட 1928-இல் வந்த அலெக்சாண்டர் பல்லுறுப்புக்கோவை என்ற வேறொரு மாறாப் பண்பு போதும். அதுவோ மூவிலையை அதன் கண்ணாடிப் பிம்பத்திலிருந்து பிரிக்காது. அதைப் பிரிக்கும் பல்லுறுப்புக்கோவைக்கு 1984-இல் ஜோன்ஸ் என்ற கணிதவியலாளர் வரவேண்டியிருந்தது.

மாறாததை மாறாதது என்று முதலில் நிறுவியாக வேண்டும். 1899-இல் லிட்டில் என்பவர் வெளியிட்ட முடிச்சுப் பட்டியலில், பத்துக் குறுக்குள்ள இரண்டு முடிச்சுகள் தனித்தனியாக நின்றன. குறுக்குகளுக்கு +1, −1 இட்டுக் கூட்டிய தொகை மாறாது என்று அவர் நம்பியிருந்தார். இரண்டுக்கும் தொகை வேறு. 1974-இல் கென்னத் பெர்கோ என்ற நியூயார்க் வழக்கறிஞர் ஒன்றை மற்றொன்றாக வளைத்தே காட்டிவிட்டார். நிபுணர்கள் முக்கால் நூற்றாண்டு பார்த்துக்கொண்டிருந்த பட்டியல் அது!

எல்லாவற்றையும் பிரித்துவிடும் ஒரே பண்பு கிடையாதா? உண்டு: முடிச்சைச் சுற்றியுள்ள வெளி. கண்ணாடிப் பிம்பம் தவிர, அதுவே முடிச்சைத் தீர்மானிக்கும் என்று கார்டனும் லூக்கேயும் 1989-இல் நிரூபித்தார்கள். ஆனால் இரண்டு வெளிகள் ஒன்றுதானா என்று பார்ப்பது முடிச்சுகளை ஒப்பிடுவதைவிடச் சுலபமில்லை. அதனால் கையில் பென்சிலும் தாளும் இருப்பவர் முதலில் வண்ணம் தீட்டித்தான் பார்க்கிறார்.