அஞ்சும் நாயும் நீந்தும்

இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் நெடும்பயணம் புறப்பட்டபோது, அவனுடைய நாயும் உடன் சென்றதாகத் தோபித்து நூல் கூறுகிறது. அவர்கள் முதல் இரவைக் கழித்தது திக்ரீசு ஆற்றங்கரையில். அந்த நாய் ஆற்றில் இறங்கியதா என்பதைத் திருநூல் சொல்லவில்லை. நாய் என்றால் நீந்தத் தெரிந்தே பிறக்கும் என்று நாம் எண்ணுவது வழக்கம். அது முழு உண்மையன்று.

நீரில் விழுந்த நாய் கால்களை அடிக்கும். ஆனால், கால்களை அடிப்பது வேறு, நீந்துவது வேறு. தட்டை முகமுள்ள புல்டாக், குட்டைக் கால்களுள்ள டாக்ஸ்ஹண்ட் போன்ற இனங்கள் மிதக்கவே திணறும். நீருக்கென்றே பிறந்தவை எனப் புகழப்படும் இனங்களிலும் தண்ணீரைக் கண்டு பின்வாங்கும் குட்டிகள் உண்டு.

கனடாவின் கிழக்குக் கடலிலுள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவின் பெயரைத் தாங்கிய நாயினத்தை எடுத்துக்கொள்வோம். ஆண் நாய் 60 முதல் 70 கிலோ எடை வரை வளரும். விரல்களுக்கிடையே சவ்வும், நீர் எளிதில் புகாத அடர்ந்த உரோமமும் அதற்கு உண்டு. முற்காலத்தில் அத்தீவின் மீனவர்க்கு வலை இழுக்க அது உதவியது. இத்தாலியில் ஃபெருச்சோ பிலெங்கா என்பவர் 1989இல் தொடங்கிய மீட்பு நாய்ப் பள்ளியில் இவ்வினமும், லாப்ரடார் முதலிய இனங்களும் பயிற்சி பெறுகின்றன. அங்குப் பயின்ற நாய்கள் படகிலிருந்தும் ஹெலிகாப்டரிலிருந்தும் கடலில் குதிக்கின்றன. 2021 ஆகஸ்டில் ஸ்பெர்லோங்கா கடற்கரையில் அலைகளில் சிக்கிய 14 பேரைக் கரைசேர்க்க மூன்று நாய்கள் துணைநின்றன.

இத்துணைத் துணிவு எங்கிருந்து வருகிறது? "தூக்கி எறிந்தால் தானே கற்றுக்கொள்ளும்" என்பார் உளர். எறியப்பட்ட நாய் எப்படியோ கரையேறும். ஆனால், அது கற்பது நீச்சலையன்று. நீரும் ஆபத்து, தன்னை எறிந்தவரும் ஆபத்து என்பதையே கற்கும். அந்த அச்சம் ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடலாம்.

நல்ல பயிற்சியாளர் வேறு வழியில் செல்கிறார். அலையில்லாத, மிகக் குளிராத, மெல்லச் சரிந்து ஆழமாகும் கரையைத் தேர்ந்துகொள்கிறார். முதலில் தாமே நீரில் இறங்கி நிற்கிறார். நீருக்குப் பழகிய மற்றொரு நாய் விளையாடுவதை இந்த நாய் பார்க்கட்டும் என விடுகிறார். பாதம் நனைந்தால் பாராட்டும் தின்பண்டமும் உண்டு. பின்வாங்கினால் அதட்டல் இல்லை. சில நிமிடங்களிலேயே பாடம் முடிகிறது. நாய் இன்னும் விரும்பும்போதே கரையேற்றிவிடுகிறார்.

கால் எட்டாத ஆழத்திற்கு வந்ததும், முன்கால்களால் மட்டும் நீரை அறைந்து பின்புறம் அமிழ்வது புதிய நாயின் இயல்பு. அப்போது மிதவைச் சட்டை அணிவித்து, வயிற்றின்கீழ் கைகொடுத்துப் பின்னுடலை உயர்த்திப் பிடிக்கின்றனர். உடல் மட்டமானதும் நான்கு கால்களும் வேலை செய்யும். கரையேறும் இடத்தைத் தொடக்கத்திலேயே காட்டிவிட வேண்டும். வெளியேறும் வழி தெரிந்த நாய்க்கே உள்ளே செல்லத் துணிவு வரும்.

வேலையும் அவ்வாறே படிப்படியாக வருகிறது. மிதவைக் கட்டையை முதலில் தரையிலும், பின்பு நீரோரத்திலும், அதன்பின் ஆழத்திலும் எடுத்துவரப் பழகுகிறது. கயிற்றைக் கவ்வி நீந்துவதும், படகை இழுப்பதும், மார்புப் பட்டையைப் பற்றிய மனிதரைக் கரைக்கு இழுத்துவருவதும் கடைசிப் பாடங்கள்.

எச்சரிக்கையும் தேவை. விளையாட்டு மும்முரத்தில் மிகுதியாக நீரை விழுங்கும் நாய் உயிருக்கே ஆபத்தான நிலையை அடையலாம். உப்புநீர் இன்னும் கொடியது. ஆகவே இடையிடையே ஓய்வும், குடிக்க நன்னீரும், முடிவில் குளிப்பாட்டிக் காதுகளைத் துடைப்பதும் இன்றியமையாதவை.

பெற்றோரே, இருளுக்கும் கணக்குப் பாடத்திற்கும் அஞ்சும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் இருக்கிறார்கள். "இதற்கெல்லாமா பயம்?" என்று தள்ளிவிடுகிறோமா, நாம் முதலில் இறங்கி நிற்கிறோமா? கடல்மீது நடந்து, காற்றைக் கண்டு அஞ்சி அமிழ்ந்த புனித பேதுருவுக்கு ஆண்டவர் முதலில் நீட்டியது கையை. கண்டிப்பு அதற்குப் பின்னரே வந்தது.