தீவுக்குப் போகுமுன் கொஞ்சம் கதைப்போம்



நியூசிலாந்தில் 2007 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து, ஒரு வருடம் வேலை செய்த எவருக்கும் நான்கு கிழமைச் சம்பள விடுமுறை சட்டப்படி உண்டு. எம்மவர்களில் பலர் அதைச் சேர்த்து வைத்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறார்கள். அங்கே இரண்டு கலியாணம், ஒரு சாமத்தியவீடு, கோவில் திருவிழா, காணிப் பிரச்சினை, தாய் தகப்பனின் வைத்தியம் எல்லாம் காத்துக்கொண்டிருக்கும். போனதைவிடக் களைத்துத் திரும்பி வந்து, அடுத்த திங்கட்கிழமை வேலைக்கும் போய்விடுவார்கள். அது கடமை, தேவையானதும்கூட. ஆனால் ஒரு வைத்தியனாக அதை நான் ஓய்வு என்று கணக்கில் எடுப்பதில்லை.

அதனால்தான் அண்மைக்காலமாக ஒரு சில குடும்பங்கள் "ஒரு கிழமை ராறொட்டொங்காவுக்குப் போகலாமோ, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமோ" என்று என்னிடம் கேட்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. தாராளமாகப் போங்கள். ஆனால் வீட்டில் நீரிழிவோ இருதய நோயோ உள்ள ஒருவர் இருந்தால் (எங்கள் சனத்தில் அப்படி ஒருவர் இல்லாத வீடு எங்கே?) விமானச்சீட்டு வாங்க முன்னர் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

ராறொட்டொங்கா குக் தீவுகளில் பெரியது. ஒக்லாந்திலிருந்து ஏறத்தாழ நான்கு மணித்தியாலப் பறப்பு. தீவைச் சுற்றி ஓடும் வீதி மொத்தம் 32 கிலோமீற்றர்தான். பேருந்தும் இரண்டே இரண்டு வழிதான் போகும்: ஒன்று கடிகாரம் சுற்றும் பக்கமாக, மற்றது எதிர்ப்பக்கமாக. எங்கள் டொலர்தான் அங்கும் செல்லும். ஈரப்பலா, சேம்பு, பப்பாசி, தென்னை என்று கண்ணுக்குப் பழகிய மரஞ்செடிகள். சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் அவித்து 'றுகாவு' என்று தருவார்கள். எங்கள் அம்மாமாருக்கு அது உடனே பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதைத் தவிர ஊரில் பெரிதாக அசைவு இருக்காது.

எப்போது போவது? பாடசாலை நீண்ட விடுமுறை டிசம்பர், ஜனவரியில் வருவதால் எல்லோரும் அப்போதே யோசிக்கிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழையும் புழுக்கமும், சூறாவளிக் காலமும் அதுவே. 2005இல் பெப்ரவரி தொடங்கி மார்ச் வரை ஐந்து சூறாவளிகள் அந்தத் தீவுக்கூட்டத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. யூலை விடுமுறை சிறந்தது. வெயிலும் தாங்கக்கூடியது, நுளம்பும் ஒப்பீட்டளவில் குறைவு.

ஒரே கிழமையில் இரண்டு புதன்கிழமை

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். ஒக்லாந்துக்கும் ராறொட்டொங்காவுக்கும் இடையில் சர்வதேசத் திகதிக்கோடு ஓடுகிறது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்கே விமானம் ஏறினால், அங்கே இறங்கும்போது செவ்வாய்க்கிழமை பின்னேரம். விடிந்தால் மறுபடியும் புதன்.

உடம்புக்கு இது ஒன்றும் பெரிதல்ல. கடிகாரத்தில் உள்ள வித்தியாசம் பருவத்தைப் பொறுத்து ஒரு மணித்தியாலம் அல்லது இரண்டு மணித்தியாலம் மட்டுமே. ஆகவே இரவில் ஒருமுறை போடும் இன்சுலினை அங்கத்தைய இரவிலேயே போடலாம், அளவை மாற்றத் தேவையில்லை. சிக்கல் கிழமையின் பெயரில்தான் இருக்கிறது. மூட்டுவாதத்துக்கு மெதோட்றெக்செற் எடுப்பவர்கள் எங்கள் சமூகத்தில் கணிசமாக இருக்கிறார்கள். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. புதன்கிழமை எடுப்பவர், காலையில் வீட்டில் எடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார். மறுநாள் தீவில் எழும்பினால் கைத்தொலைபேசி 'புதன்' என்கிறது, நாள் பெயர் எழுதிய மாத்திரைப் பெட்டியும் 'புதன்' என்கிறது. பக்கத்தில் நிற்கும் மகளோ "அப்பா, இண்டைக்குப் புதன், அந்தக் குளிசை எடுத்தனீங்களோ?" என்று அக்கறையாக வேறு கேட்கிறாள். மெதோட்றெக்செற் இரண்டு நாள் அடுத்தடுத்து உள்ளே போனால் வாய்ப்புண்ணிலிருந்து எலும்பு மச்சை பழுதடைவது வரை போகலாம், அதிலும் சிறுநீரகம் பலவீனமானவருக்கு.

ஆகவே புறப்படுமுன் நாட்காட்டியில் கிழமைப் பெயரைப் பாராமல் ஏழு நாட்களை எண்ணி, அடுத்த மாத்திரை அங்கத்தைய எந்த நாளில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி, மருந்துப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். எலும்புத் தேய்வுக்கு எடுக்கும் வாராந்த மாத்திரை, நீரிழிவுக்கு வாரம் ஒருமுறை போடும் ஊசி ஆகியவற்றுக்கும் இதையே செய்யுங்கள். திரும்பி வரும்போது ஒரு நாள் காணாமற் போகும் என்பதையும் மறக்கவேண்டாம்.

மருந்துகள் எல்லாம் கைப்பையில், அவற்றின் சொந்தப் பெட்டியுடன், மருந்துச்சீட்டின் பிரதியோடு இருக்கட்டும். இன்சுலினை ஒருபோதும் சாமான்களோடு ஏற்றவேண்டாம். விமானத்தின் அடிப்பகுதியில் உறைந்துவிடக்கூடும், உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. தங்குமிடத்துக் குளிர்சாதனப்பெட்டியிலும் பனிக்கட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மருந்தைத் தேவைக்கு மேலாக ஒரு கிழமைக்குக் கூடுதலாகவே கொண்டுபோங்கள்.

கடலும் காலும்

தீவைச் சுற்றி முருகைக்கற்பாறை அணைபோல நிற்கிறது. அதற்கு உள்ளே இருக்கும் கடல் பல இடங்களில் இடுப்பளவுதான். எங்கள் ஊர்ப் பரவைக்கடல்போல அமைதி. கடலட்டையும் தாராளமாகக் கிடக்கும், விலை விசாரிக்கவேண்டாம்! ஆனால் பாறையில் சில இடங்களில் வாய் திறந்திருக்கும். அலை அடித்து உள்ளே வந்த நீர் முழுவதும் அந்த வாயால்தான் வெளியே ஓடும். தெற்குக் கரையில் உள்ள அவாவாறோவா வாயில் கடலாமை பார்க்கப் போனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அந்த நீரோட்டத்தை எதிர்த்து வரமுடியாது. எம்மவரில் பாதிப்பேருக்கு நீந்தவே தெரியாது. தங்குமிடத்தில் இறங்கியதும் முதல் கேள்வியாக "இங்கே கிட்டிய வாய் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அந்தப் பக்கம் போகவேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு மிதவை அங்கி போடுங்கள். இருதயத்தில் ஸ்ரென்ற் வைத்தவர்கள், படியேறினால் நெஞ்சு இறுக்குபவர்கள், முகமூடி போட்டுக் குழாயால் மூச்சு விட்டு நீந்தும் விளையாட்டைத் தவிர்ப்பது நல்லது. அது பார்வைக்குத்தான் இலேசு. இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கூட.

நீரிழிவுக்காரரின் கால்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பல வருடம் நீரிழிவு இருந்தவருக்குப் பாதம் விறைத்திருக்கும். மத்தியான மணலில் வெறுங்காலோடு நடந்து பாதம் முழுக்கக் கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது. முருகைக்கல் கீறினாலும் தெரியாது. அந்தக் கீறல் சாதாரணக் கீறலைப்போலச் சீக்கிரம் ஆறுவதில்லை, துகள்கள் உள்ளே நின்று புண்ணாக்கும். கடலுக்குள் இறங்குவதற்கென்றே றப்பர்ச் சப்பாத்து உண்டு, ஒரு சோடி வாங்குங்கள். கீறினால் நல்ல நீரால் நன்றாகக் கழுவி, துகளை எடுத்து, கிருமிநாசினி பூசுங்கள். சிவந்து பரவினால் அடுத்த நாள் வரை பார்த்திருக்காமல் அங்குள்ள வைத்தியரிடம் போங்கள். இரவில் படுக்கமுன் மகனோ மகளோ அப்பாவின் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

கல்லைப்போலவே கிடக்கும் நச்சுமுள் மீன் ஒன்றும் அந்தக் கடலில் உண்டு. மிதித்தால் வலி உயிர் போகும். தாங்கக்கூடிய அளவு சுடுநீரில், ஏறத்தாழ 45 பாகையில், காலை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நீரின் சூட்டை மிதித்தவர் பார்க்கக்கூடாது. கால் விறைத்தவருக்கு அது வெந்துபோனாலும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் கைவிட்டுப் பார்க்கட்டும்.

மீன் சாப்பாட்டில் ஒரு கவனம். பாறைகளில் வளரும் நுண்பாசியின் நஞ்சு சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிச் சேரும். சிகுவாற்றெரா என்று பெயர். அவித்தாலும் பொரித்தாலும் உறையவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, மணத்திலும் ருசியிலும் தெரியாது. வயிற்றோட்டம், வாந்தி, பிறகு உதடும் விரலும் கூசுதல். குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடுவதுபோல இருக்கும். கூச்சம் சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். குக் தீவுகளில் இது பழைய பிரச்சினை. பெரிய பாரை, களவாய், சீலா, அஞ்சாலை போன்ற பாறை மீன்களை விட்டுவிட்டு, ஆழ்கடல் சூரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். மீன்தலைக் குழம்பு ஆசையை இங்கே வந்து தீர்த்துக்கொள்ளலாம். 'இக்கா மாற்றா' என்று தேசிக்காய்ப் புளியில் ஊறிய பச்சை மீன் தருவார்கள். ருசிதான், ஆனால் கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

வயிற்றோட்டம் வந்தால் மருந்துகளில் சிலவற்றை நிறுத்தவேண்டியிருக்கும். மெற்போமின், எம்பாகிளிபுளோசின், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், நீர்மாத்திரை ஆகியவை, உடம்பு நீரிழந்திருக்கும்போது சிறுநீரகத்தையோ இரத்தத்தின் அமிலத்தையோ குழப்பக்கூடியவை. இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக்கூடாது. உங்களுக்கு எது எது என்று உங்கள் வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

மலேரியா அங்கே இல்லை. வனுவாற்று, சொலமன் தீவுகளுக்குப் போவதானால்தான் அந்தக் கவலை. ஆனால் டெங்கு உண்டு. 2025இல் சமோவா, பிஜி, குக் தீவுகள் எல்லாவற்றிலும் பரவியது. முன்பு இலங்கையில் ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு இரண்டாம் முறை கடுமையாக வரும் வாய்ப்புக் கூட, ஆகவே எங்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். இந்த நுளம்பு பகலில் கடிப்பது. நுளம்புவலை மட்டும் போதாது, டீட் கலந்த பூச்சைக் காலையிலும் பின்னேரமும் பூசுங்கள்.

சும்மா இருப்பது

ஓய்வுக்கென்று போய், முதல் இரண்டு நாளும் தலையிடி, எரிச்சல் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு வேலை செய்து பழகிய உடம்புக்குச் சும்மா இருப்பது புதிது. ஒரு கிழமைக்குக் குறைவாகப் போகாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். நாளுக்கு ஒரு சுற்றுலா என்று அட்டவணையும் போடவேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. எல்லோருக்கும் கடலும் அமைதியும் நிம்மதி தருவதில்லை. 1993இல் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தவர்களில் நானும் ஒருவன். வெளிச்சம் இல்லை, யாரும் கதைக்கக்கூடாது, நீர் படகில் தட்டும் சத்தம் மட்டும். முதன்முதலாக மூரிக் கரையில் ஒரு வாடிவீட்டில் படுத்தபோது அதே சத்தம். அன்றிரவு மின்விளக்கைப் போட்டுக்கொண்டு புத்தகம் வாசித்தேன். மூன்றாம் நாள் தூக்கம் வந்தது. 2004 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவர்களும், வன்னியிலிருந்து 2009இல் வந்தவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் கரையோர அறையைவிட உள்ளே, தோட்டப் பக்கமாக அறை எடுங்கள். "வாங்கோ, தண்ணிக்குள்ள இறங்குங்கோ" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் "விடுமுறைதானே" என்று அதை நிறுத்தக்கூடாது. கெட்ட கனவும் பதற்றமும் வந்தாலும் பயணம் பாழ் என்று அர்த்தமில்லை. வந்த பிறகு வைத்தியரிடம் சொல்லுங்கள், அதற்கு இப்போது நல்ல சிகிச்சைகள் உண்டு.

காப்புறுதி இல்லாமல் போகவே வேண்டாம். தீவில் வைத்தியசாலை உண்டு, ஆனால் பெரிய வருத்தம் என்றால் ஒக்லாந்துக்குத்தான் அனுப்புவார்கள். நோயாளியைக் கொண்டுவரும் விமானத்துக்குப் பல பத்தாயிரம் டொலர் ஆகும். விபத்துக் காப்பான ஏசிசி வெளிநாட்டு வைத்தியச் செலவைத் தராது, இங்கே திரும்பிய பின்னரே உதவும். விண்ணப்பத்தில் நீரிழிவையும் பழைய மாரடைப்பையும் மறைத்தால் பணம் கட்டியும் பலனில்லை. ஊரிலிருந்து வருகை விசாவில் வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிப் போவதானால், அந்த விசாவில் மீண்டும் நியூசிலாந்துக்குள் வரமுடியுமா என்று முதலில் பாருங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் அண்ணன்மாருக்கு: யாழ்ப்பாணத்தில் சாலி ஓடி முப்பத்தைந்து வருடமாகிறது. பேருந்து நல்லது.

திரும்பும்போது தூளோ கருவாடோ பையில் மிஞ்சியிருந்தால் விமான நிலையத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் 400 டொலர் தண்டம். வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் எடுங்கள். இபுபுரோபன், டிஸ்பிரின் வேண்டாம், டெங்குவில் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். வேறு காரணத்துக்காகத் தினமும் அஸ்பிரின் எடுப்பவர் உடனே வைத்தியரைக் கேட்கவேண்டும். காய்ச்சல் விடும் நேரத்தில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, முரசில் இரத்தம் கண்டால் நேரே வைத்தியசாலைக்கு. ஒக்லாந்தில் டெங்கு நுளம்பு இல்லாதபடியால் இங்குள்ள வைத்தியருக்கு அந்த நினைப்பு உடனே வராமல் போகலாம். அறைக்குள் போனதும் முதல் வசனமாக "நான் தீவுக்குப் போய் வந்தனான்" என்று சொல்லுங்கள்.