வீட்டுக்குள் ஒரு பொதுச் சேமிப்பகம்

வீட்டிலுள்ள கைபேசி, மடிக்கணினி, டிவி எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கை வைஃபை வழியாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே நெட்வொர்க் சேமிப்பகம். பரணில் கிடக்கும் பழைய கணினியே இதற்குப் போதும். மின்சாரம் மிச்சமாக வேண்டுமென்றால் 2019இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறிய கணினி நல்ல தேர்வு. ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, லேன் கேபிளால் ரவுட்டருடன் இணைத்துவிட்டால், மீதி வேலையை வேறொரு கணினியின் பிரவுசரிலேயே முடித்துவிடலாம்.

பலர் கோட்டைவிடுவது மின்சாரத்தில்தான். பை 4இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். இரண்டு டிஸ்க்குகளைச் செருகினால் நகலெடுக்கும்போது ஒன்று பாதியில் துண்டிக்கப்படலாம். தனி அடாப்டர் உள்ள டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரெய்டு 1 முறையில் இரு டிஸ்க்குகளிலும் ஒரே தகவல் பதிவாகும்; ஒன்று பழுதானாலும் மற்றதில் அது இருக்கும். ஆனால் தவறி அழித்த படம் இரண்டிலிருந்தும் ஒருசேரப் போய்விடும். முக்கியமானவற்றை அவ்வப்போது இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்துக் கழற்றி வைப்பதே வழி.