விழித்திருக்கும் விஞ்ஞானிகள்

பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்யும் ஆசிரியரைப் பார்த்திருப்பீர்கள். மூன்று மணி நேரமும் அவருக்கு வேலை ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும். ஆயினும் அவர் மண்டபத்தை விட்டு அகல முடியாது. பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவன் நான். சும்மா இருந்துகொண்டே கருத்தாக இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். பௌதிக விஞ்ஞானிகளுக்கும் இத்தகைய காவல் ஒன்று உண்டு.

ஜப்பானில் காமியோகா என்னும் சுரங்கத்தில், மலைக்கு அடியில் 1,000 மீட்டர் ஆழத்தில், பேராசிரியர் மசாதோஷி கோஷிபா 1983-ஆம் ஆண்டில் ஒரு பெரிய தொட்டியை இயங்கச் செய்தார். 3,000 டன் தூய நீர்; சுற்றிலும் ஏறத்தாழ 1,000 ஒளியுணர் குமிழ்கள். புரோட்டான் சிதைகிறதா என்று காண்பதே நோக்கம். அது சிதையக் காணோம். பின்னர் அத்தொட்டியைத் திருத்தி, நியூட்ரினோ என்னும் துகளைப் பிடிக்க முனைந்தனர். பூமியையே ஊடுருவிச் செல்லும் துகள் அது. கோடி கோடியில் ஒன்று நீரில் மோதுமாயின், மங்கிய நீல ஒளி ஒரு கணம் தோன்றும். குமிழ்கள் அதனைக் காணும்.

1987 பிப்ரவரி 23, ஜப்பானிய நேரப்படி மாலை 4 மணி 35 நிமிடம். 13 விநாடிகளுக்குள் 11 நியூட்ரினோக்கள் அகப்பட்டன. சுமார் 1,60,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் வெடித்ததன் செய்தி அது. அப்போது அதனை யாரும் உணரவில்லை. வெடிப்பின் ஒளியைத் தென்னமெரிக்காவில் கண்டோர் அறிவித்த பின்னரே, காந்த நாடாவில் பதிந்திருந்ததைத் தேடி எடுத்தார்கள். கோஷிபாவோ அடுத்த மாதம் ஓய்வு பெற இருந்தவர்! 2002-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒரு குறை. காமியோகாவின் கடிகாரம் ஒரு நிமிடம் முன்பின்னாக இருக்கலாம் என்ற நிலை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து உப்புச் சுரங்கத் தொட்டி ஒன்றும் அதே வேளையில் 8 நியூட்ரினோக்களைப் பிடித்தது. அங்கே கடிகாரம் சரி. ஆனால் மின்கருவிப் பழுதினால் குமிழ்களில் நாலில் ஒரு பங்கு அணைந்து கிடந்தன. இவற்றுள் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நமது அறிவு எவ்வளவு குன்றியிருக்கும்!

ஆகவேதான் காவல். 1996 முதல் அதே சுரங்கத்தில் இயங்கும் சூப்பர் காமியோகாண்டே தொட்டியில் நீர் 50,000 டன். குமிழ்கள் 11,000-க்கு மேல். குமிழ்களுக்குச் செல்லும் மின்னழுத்தம், நீரின் தூய்மை, கடிகாரம், பதிவு ஆகிய யாவும் சரியாக உள்ளனவா என்று எப்போதும் பார்க்க வேண்டும்.

இக்காவலை அமர்த்துவதே ஒரு கலை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள அட்லஸ் பரிசோதனையில் ஏறத்தாழ 3,000 விஞ்ஞானிகள் உள்ளனர். ஆலைத் தொழிலாளர் ‘ஷிப்டு’ என்பார்களே, அதைப் போல நாளை மூன்றாகப் பகுத்து, எட்டு எட்டு மணி நேரம் முறை வைத்துக்கொள்கிறார்கள். ஆய்வுரைகளில் பெயர் பெறுவோர் எத்தனை பேரோ, அதற்கேற்ப ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இம்முறைகளை ஏற்க வேண்டும். இது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. உழைப்பவர் ஒருவர், பெயர் வாங்குபவர் வேறொருவர் என்ற பேச்சுக்கு இடம் குறைகிறது. புதியவர் முதலில் பழகியவர் அருகில் அமர்ந்து கற்கிறார். ஒவ்வொருவரும் தமது முறையில் நேர்ந்ததைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்தவரிடம் ஒப்படைத்த பின்னரே எழுகிறார். எழுதாமல் வாயால் சொல்லிப் போகும் வழக்கம் எங்கும் ஆபத்தானது. பள்ளி அலுவலகத்தில் அதனால் நான் பட்ட பாடு தனிக் கதை.

நமது பால்வீதி மண்டலத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த இத்தகைய வெடிப்பு கடைசியாக 1604-இல் காணப்பட்டது. மீண்டும் ஒன்று நிகழின், சூப்பர் காமியோகாண்டேயில் சில விநாடிகளில் ஆயிரக்கணக்கான நியூட்ரினோக்கள் பதியும். அவை நட்சத்திரத்தின் கருவிலிருந்து உடனே வெளிப்படுகின்றன. ஒளியோ வெடிப்பு மேற்பரப்பை எட்டிய பின்னரே புறப்படும். எனவே எச்சரிக்கை மணி ஒலித்ததும், வான ஆராய்ச்சியாளர்கள் தொலைநோக்கிகளைத் திருப்ப நிமிடங்களோ, சில மணி நேரமோதான் இருக்கும். அந்த மணி நள்ளிரவில் ஒலித்தால், அதைக் கேட்பவர் அன்றைய முறைக்காரர்.