பலகை இல்லாத வாசல்: ஒரு கேப் டவுன் கவிதையை வாசித்தல்

தென்னாப்பிரிக்கக் கவிஞர் டட்டம்குலு ஆப்பிரிக்கா (1920–2002) எழுதிய ‘எதுவும் மாறவில்லை’ என்னும் பொருள்படும் கவிதையில் நிகழ்வுகள் மிகக் குறைவு. ஒருவர் கல்லும் களையும் மண்டிய வெற்று நிலத்தில் நடக்கிறார். அங்கே எழுந்துள்ள புதிய உணவு விடுதியின் கண்ணாடி வழியே உள்ளே பார்க்கிறார். அதே தெருவில் இருக்கும் உழைப்பாளர்களின் சிற்றுண்டிக் கடையை எண்ணிப் பார்க்கிறார். பிறகு விலகி நடக்கிறார். சாலையோரத்து உணவுக்கடை இரண்டைப் பற்றிய இக்கவிதையை ஒரு சாட்சியமாகவே நாம் வாசிக்க வேண்டும்.

அவர் நடக்கும் நிலம் கேப் டவுனின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’. பல இனத்தவரும் சமயத்தவரும் கலந்து வாழ்ந்த இப்பகுதியை, 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ் 1966 பிப்ரவரி 11 அன்று வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக அரசு அறிவித்தது. 60,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. நிலத்தின் பெரும்பகுதி பல்லாண்டுகள் வெறுமையாகவே கிடந்தது. எனவே கவிதையில் வரும் களைகள் இயற்கை வருணனை அல்ல. ஒரு சட்டம் விட்டுச்சென்ற தடயம்.

கவிதை இரண்டு பலகைகள் இல்லாததைக் குறிப்பிடுகிறது. இடிக்கப்பட்ட ஊருக்குப் பெயர்ப் பலகை இல்லை. ஆயினும் அவரது காலும் கையும் தோலும் அவ்விடத்தை அறிகின்றன. விடுதியின் வாசலிலும் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகை இல்லை. ஆயினும் தமக்குரிய இடம் எது என்பதை அவரைப் போன்றோர் அறிவர். பொது வசதிகளை இனவாரியாகப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. பலகையின் வேலையை இப்போது வாயிற்காவலரும் விலையும் விரிப்புத் துணியும் மேசைமேல் வைத்த ஒற்றை ரோஜாவும் செய்கின்றன.

மறுபுறம், சிற்றுண்டிக் கடையில் விற்பது ‘பன்னி சௌ’. ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பும் இவ்வுணவு டர்பன் நகர இந்திய வம்சாவளியினரிடையே தோன்றியது. அங்கே நெகிழி மேசையில் உண்டு, காற்சட்டையில் கை துடைத்து, தரையில் துப்பும் வழக்கம் எலும்பிலேயே ஊறியது என்கிறார் கவிஞர். இதை ஏழைகளின் மீதான இகழ்ச்சியாகக் கொள்வது பிழையான வாசிப்பு. ஒடுக்குமுறை, ஒடுக்கப்பட்டவரையே ‘நம் இயல்பு இதுதான்’ என நம்பவைக்கும் விதத்தை அவ்வரி கசப்புடன் பதிவு செய்கிறது.

நம் தேநீர்க் கடைகளை நினைக்காமல் இதை வாசிக்க இயலாது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கேப் டவுனில் இரு கடைகள், நடுவே கண்ணாடி. இரட்டைக் குவளை முறையிலோ கடை ஒன்று, தேநீர் ஒன்று. பிரிவினை பாத்திரத்தில் இருக்கிறது. பிரிவினை நுண்ணியதாக ஆக ஆக, அதை மெய்ப்பிப்பதும் கடினமாகிறது.

நம் சட்டம் இதை ஓரளவு முன்னுணர்ந்திருக்கிறது. அரசியலமைப்பின் 15(2) உறுப்பு, கடைகளிலும் உணவகங்களிலும் நுழைவதற்குச் சாதியின் பேரால் தடை விதிப்பதை மறுக்கிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆம் பிரிவு, உணவகத்துப் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பதைத் தனியாகவே குற்றமாக்குகிறது. 12ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது: அச்சட்டத்தின் கீழ் குற்றமாகும் ஒரு செயல் பட்டியல் சாதியினர் ஒருவர் தொடர்பாகச் செய்யப்பட்டால், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை, அது தீண்டாமையின் அடிப்படையில் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அதாவது, பலகை இல்லை என்பதே எதிர்வாதம் ஆகிவிடாது.

ஆயினும் இப்பிரிவு செயல்பட, செயல் முதலில் புகாராகப் பதிவாக வேண்டும். யாருக்கு எந்தக் குவளை, யார் நின்றுகொண்டு குடித்தார், யார் தம் குவளையைத் தாமே கழுவினார், எல்லோருக்குமா காகிதக் குவளை, சிலருக்கு மட்டுமா? களஆய்வுக்குச் செல்லும் மாணவர்கள் இவற்றை நாள், நேரம், இடத்துடன் எழுதிக்கொள்ள வேண்டும். கவிதையும் அதைத்தான் செய்கிறது: ‘பாகுபாடு’ என்று பொதுப்பெயர் சூட்டி நகராமல், மேசையின் பரப்பையும் துணியின் மடிப்பையும் பார்க்கிறது.

கவிதையின் முடிவில் அவர் கண்ணாடியிலிருந்து விலகுகையில் மீண்டும் ஒரு சிறுவனாகிறார். கண்ணாடியை நொறுக்கக் கல்லோ வெடிகுண்டோ வேண்டுமெனக் கைகள் எரிகின்றன. கவிதை அச்செயலைப் பரிந்துரைக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. சட்டம் நீங்கிய பின்னும் அச்சினம் ஏன் நீங்கவில்லை என்ற கேள்வியை மட்டும் நம்மிடம் விடுகிறது. தேநீர்க் கடை வாசலில் நிற்கும் ஒருவரின் சினத்தைச் ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’யாக மட்டும் பார்க்கும் அதிகாரிகளிடம் நாம் எழுப்ப வேண்டிய கேள்வியும் அதுவே.