டோக்கனைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

முன்பெல்லாம் வங்கிக் கிளையில் காசோலையைக் கொடுத்தால், எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்றைத் தருவார்கள். காசாளர் அந்த எண்ணை அழைத்ததும் டோக்கனைக் கொடுத்துவிட்டுப் பணம் பெற்றுக்கொள்வோம். அது தொலைந்தால் மனம் பதறும். டோக்கன் எவர் கையில் இருக்கிறதோ, பணம் அவருக்குப் போய்விடக்கூடும் அல்லவா? கிளைக்கு வராமலே கணினியில் கணக்கைப் பார்க்கும் இந்நாளிலும் நம்மிடம் அத்தகைய டோக்கன் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ‘குக்கி’. தமிழில் ‘நினைவி’ என்றும் கூறுவர்.

இணையதளத்துக்கு இயல்பாக நினைவாற்றல் கிடையாது. முதல் பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் ஒருவரே என்பதை அது தானாக அறியாது. இக்குறையைப் போக்க 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மோன்டுல்லி குக்கியை உருவாக்கினார். நம் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் சரிபார்க்கப்பட்டதும், வங்கியின் கணினி ஊகிக்க இயலாத நீண்ட குறியீடு ஒன்றை நம் உலாவியிடம் ஒப்படைக்கிறது. பிறகு ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் உலாவி அதையே அடையாளமாகக் காட்டுகிறது. அந்தக் குறியீடு களவு போனால், கடவுச்சொல் தெரியாத ஒருவரும் நம் பெயரில் உள்ளே நுழைய வழி பிறக்கும்.

ஆகவே, இணையதளத்தை வடிவமைப்போர் குக்கிக்குச் சில கட்டுப்பாடுகளை விதிக்கின்றனர். மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் மட்டுமே அது பயணிக்க வேண்டும். பக்கத்தில் இயங்கும் நிரல்கள் அதைப் படிக்கக் கூடாது. வேறு தளத்திலிருந்து தூண்டப்படும் கோரிக்கைகளுடன் அது செல்லக் கூடாது என்பன அவற்றுள் முக்கியமானவை. ஆயுளும் முக்கியம். இணையதளங்களை உருவாக்கப் பயன்படும் ‘ஜாங்கோ’ என்னும் மென்பொருள் கட்டமைப்பில், வடிவமைப்பாளர் மாற்றாவிட்டால், இவ்வகைக் குக்கியின் ஆயுள் 2 வாரங்கள். செய்தித் தளத்துக்கு அது வசதி. வங்கிக்கு அது ஆபத்து. எனவேதான் சில நிமிடங்கள் நாம் எதுவும் செய்யாதிருந்தால் வங்கித் தளம் நம்மை வெளியேற்றிவிடுகிறது. இது தொல்லையன்று, காவல்.

வேலை முடிந்ததும் சாளரத்தை மூடிவிட்டால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கு ஒப்பாகும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உலாவியில் இயங்கினால், மூடிய பக்கத்துடன் குக்கியும் மீண்டு வரக்கூடும். ‘லாக் அவுட்’ பொத்தானை அழுத்தும்போதுதான், ‘இந்த டோக்கன் இனிச் செல்லாது’ என்று வங்கியின் கணினிக்கு நாம் அறிவிக்கிறோம்.

வாடிக்கையாளர்கள் பின்வருவனவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகிறோம்:

• ஒவ்வொரு முறையும் ‘லாக் அவுட்’ செய்த பின்னரே சாளரத்தை மூடுங்கள்.

• பிரவுசிங் சென்டரிலோ பிறர் கணினியிலோ வங்கிக் கணக்கைத் திறவாதீர்கள்.

• அறிமுகமில்லாத நீட்சிகளை உலாவியில் சேர்க்காதீர்கள். குக்கிகளைப் படிக்கும் அனுமதியை அவை கேட்டுப் பெறக்கூடும்.

• உலாவியின் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்து வையுங்கள். பழையவற்றை அவ்வப்போது அழித்துவிடுங்கள்.

• பணம் பறிபோனதாக அறிந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

கதவைப் பூட்டுவது எங்கள் கடமை. டோக்கனைத் திருப்பிக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.