பெட்டியில் எதை வைப்பது?

ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்போருக்குப் பெட்டி கட்டுவது புதிய கலையன்று. நம் சங்கத்துக் குடும்பங்களில் பல, முன்னோர் காலத்தில் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு படுக்கைச் சுருளோடும் இந்த நாகபுரியில் வந்து இறங்கியவையே. ஆயினும், சென்ற ஆண்டு எங்கள் தங்கைக்கு மாலத்தீவில் கணித ஆசிரியையாக நியமனம் கிடைத்தபோது, அந்தக் கலையில் நாங்கள் எவ்வளவு கற்றுக்குட்டிகள் என்பது எங்களுக்கே விளங்கிற்று. அயல்நாட்டுப் பள்ளிகளுக்குச் செல்ல எண்ணும் இளைஞரும் பெண்களும் நம்மிடையே இருப்பதால், எங்கள் அனுபவம் அவர்களுக்குப் பயன்படலாம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

அவள் ஏன் சென்றாள் என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. தந்தையாரின் நோய்க்காக வாங்கிய கடன், அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் மறையவில்லை. ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவின் சம்பளத்தில் வட்டியைக் கட்ட முடிந்தது. முதலைத் தொட முடியவில்லை. தனியார் பள்ளி ஒன்றில் தங்கை பெற்றுவந்த ஊதியமோ பால் கணக்குக்கும் பஸ் கட்டணத்துக்கும் சரியாக இருந்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று கடிதம் வந்ததும், போகலாமா என்று அவள் எங்களைக் கேட்கவில்லை. போகிறேன் என்று தெரிவித்தாள்.

மாலத்தீவு நமக்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. முதலாம் இராஜராஜ சோழன் பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாக அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகிறது. அவை இந்தத் தீவுகளே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. தென்பாண்டிச் சீமையின் சமையலறைகள் அறிந்த மாசிக் கருவாடும் அந்தக் கடற்பரப்பின் சூரைமீனே. சுமார் 1,200 தீவுகள் கொண்ட அந்நாட்டில், குடிமக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. பேச்சு திவேஹி மொழி. அதன் தானா எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும். ஆயினும் பள்ளிப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே நடைபெறுவதால், நம் நாட்டு ஆசிரியர்களுக்கு அங்கே நெடுங்காலமாகவே இடம் இருந்துவருகிறது. வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறன்று பள்ளி உண்டு.

இனி, பெட்டி. சோழ மன்னன் கப்பற்படையோடு சென்றான். எங்கள் தங்கைக்கு விமானச் சீட்டில் அச்சிட்டிருந்த அனுமதி 20 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. நாகபுரியிலிருந்து திருவனந்தபுரம் வரை ரயில். அதில் படுக்கை வகுப்புப் பயணி 40 கிலோவைக் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். அந்தத் தாராளம் திருவனந்தபுரத்தோடு முடிந்துவிடும். அதன் பின் விமானம். மாலேயில் இறங்கினால் தீவுக்கு மூன்று மணி நேர விசைப்படகு. மூன்று வாகனங்களில் எது மிகக் குறைவாக அனுமதிக்கிறதோ, அதன் கணக்கில்தான் பெட்டியைக் கட்ட வேண்டும். இது முதல் பாடம்.

எங்கள் தொழிலோ பிறர் மூட்டையை நிறுப்பது. நாள்தோறும் தராசருகே நின்று, "அதிகம், இறக்குங்கள்" என்று சொல்லிப் பழகிய வாய் எங்களுடையது. அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கிய கொக்கித் தராசில் தாயார் கட்டிய பெட்டியைத் தூக்கினோம். 34 கிலோ! ஆறு பட்டுப் புடவைகள், இரண்டு படி அரிசி, இட்லிப் பாத்திரம், ஊறுகாய் ஜாடி மூன்று, சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி; எல்லாவற்றுக்கும் அடியில், பழம்பட்டில் சுற்றிய பித்தளைப் பிள்ளையார்.

அரிசியை இறக்குவதில் சிரமமில்லை. அங்கும் அரிசிச்சோறு உண்டு என்றதும் தாயார் இணங்கினார். பிள்ளையார் விஷயம் அவ்வாறன்று. மாலத்தீவு இஸ்லாத்தை அரச மதமாகக் கொண்ட நாடு. மதுவையும் பன்றி இறைச்சியையும் போலவே, வழிபாட்டுச் சிலைகளையும் நாட்டுக்குள் கொண்டுவர அந்நாட்டுச் சுங்கச் சட்டம் தடை விதிக்கிறது. இதைச் சொன்னபோது தாயாரின் முகம் வாடிற்று.

"உன் தாத்தா தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது பெட்டியில் முதலில் வைத்தது இவரைத்தான். இவர் இல்லாத வீட்டில் நீ எப்படியம்மா தனியாக இருப்பாய்?" என்றார்.

மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம்: தாயாரின் கண்ணீரைக் காணப் பொறாமல், "சிறிய உருவந்தானே, புடவை மடிப்பில் இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று நாங்களே சொல்லிவிட்டோம். தங்கை எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, டிக்கெட் இல்லாமல் வருகிறவனும் யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதானே வண்டி ஏறுகிறான்? போன இடத்துச் சட்டத்தை முதல் நாளே மீறிவிட்டு, பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளையை நான் எந்த முகத்தோடு கண்டிப்பேன்?"

பதினைந்து ஆண்டு ரயில்வே ஊழியத்துக்குப் பின் இந்தப் பாடத்தைத் தங்கையிடம் கற்க வேண்டியதாயிற்று.

இரண்டு நாள் தாயார் பெட்டியின் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை பிள்ளையார் மாடத்தில், தம் பழைய இடத்தில் அமர்ந்திருந்தார். சமையலறையிலோ தாயார் குழந்தைகள் விளையாடும் அளவுக்குச் சிறிய பாத்திரம் ஒன்றில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகளாக ஐந்து பேருக்கும் ஆறு பேருக்கும் சமைத்த கைக்கு, ஒருவருக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு புளி என்பது தெரியவில்லை. ஆகவே வைத்துப் பார்த்து, ருசி பார்த்து, மீண்டும் குறைத்து வைத்து, கரண்டிக் கணக்கில் அளவைச் சொல்லச் சொல்லத் தங்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். நான்கு நாளில் பதினெட்டுப் பக்குவங்கள் சேர்ந்தன. அந்த நோட்டுப் புத்தகத்தின் எடை 150 கிராம்.

இறுதியில் பெட்டியில் இடம் பெற்றவை இவை: எளிதில் உலரும் பருத்தி உடைகள் எட்டு, பொடிகள் மூன்று கிலோ, ஊறுகாய் ஒரே புட்டி, எண்ணெய் கசியாதபடி இரண்டு உறைகளில், இரண்டு லிட்டர் குக்கர், குடை, சதுர முனை மூன்று கொண்ட மின் இணைப்பி. மின்னழுத்தம் நம் நாட்டைப்போல் 230 வோல்ட்தான். சுவரிலுள்ள துளைகள் மட்டுமே வேறு. மருந்துகளை அவற்றின் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வைத்தோம். உறக்க மருந்து, கடும் வலி மருந்து போன்றவற்றைச் சீட்டின்றிக் கொண்டு செல்வது எந்த நாட்டிலும் வில்லங்கம்.

பட்டச் சான்றிதழ்கள், அனுபவச் சான்று, நியமனக் கடிதம், வேலை அனுமதி ஆகிய அனைத்தும் கைப்பையில் சென்றன. இது நல்லதாயிற்று. அவளுடைய பெட்டி ஒரு நாள் தாமதமாகவே வந்து சேர்ந்தது. ஆனால் சான்றிதழ்கள் கையில் இருந்ததால் குறித்த நாளில் பணியில் சேர முடிந்தது. கைப்பையிலேயே ஒரு மாற்றுடையும் வைத்திருக்கலாம் என்பது பிறகு தோன்றிய ஞானம்.

பிழைகளையும் சொல்ல வேண்டும். புதிதாக வாங்கிக் கொடுத்த தோல் செருப்பு கடற்காற்றின் ஈரத்தில் ஒரே மாதத்தில் பூசணம் பூத்தது; மணலும் மழையும் உள்ள தீவில் ரப்பர் செருப்பே உத்தமம். கரும்பலகைக்கு என்று இங்கிருந்து சுமந்து சென்ற மரக் கவராயமும் கோணமானியும் அந்தப் பள்ளியில் முன்பே இருந்தன. பள்ளியில் என்ன உண்டு, என்ன இல்லை என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் முக்கால் கிலோ மிச்சமாகியிருக்கும். எல்லாவற்றினும் பெரிய பிழை மூக்குக் கண்ணாடி. இரண்டாம் மாதம் அது உடைந்தது. தீவில் கண்ணாடிக் கடை இல்லை. மாலேயிலிருந்து புதியது வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை மாணவர் நோட்டுகளைக் கண்ணருகே பிடித்துத் திருத்தினாளாம். 30 கிராம் எடையுள்ள மாற்றுக் கண்ணாடி எங்கள் 34 கிலோவில் ஒருவர் நினைவிலும் வரவில்லை!

ஆகவே அன்பர்களுக்கு நாங்கள் கூறுவது இது: பிரியும்போது பெட்டியைக் கட்டுவது பெரும்பாலும் நம்முடைய அச்சமே. போகிறவருக்கு எது வேண்டும் என்பதைவிட, நாம் எதைக் கொடுத்தால் நம் மனம் ஆறும் என்றே பார்க்கிறோம். அங்கே கிடைப்பதை இங்கேயே விடுங்கள். அங்கே தடுக்கப்பட்டதை வீட்டிலேயே வையுங்கள். உடைந்தால் மாற்று கிடைக்காததை இரண்டாக வையுங்கள். போகிறவர் தம் கையால் செய்துகொள்ள வேண்டியதை முன்னதாகக் கற்றுக் கொடுங்கள். அதற்குச் சுங்கமும் இல்லை, எடையும் இல்லை.

கடனில் பாதி இப்போது தீர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில், விடுமுறையில் இருக்கும் தங்கை கைபேசியில் அழைக்கிறாள். தாயார் விளக்கேற்றி முடித்ததும் கைபேசியை மாடத்தின் எதிரே சிறிது நேரம் பிடித்திருக்கிறார். அதன் பின் இருவரும் பேசுவது ரசத்தைப் பற்றித்தான். புளி சற்று அதிகம் என்று தங்கை திருத்தம் சொல்கிறாள். தாயாரும் தம்மிடமுள்ள நகலில் அதனைத் திருத்திக்கொள்கிறார்.